ஏறி இறங்கும் நாற்காலி

சிவபாக்கியம் டீச்சர் எங்கள் முடிவெட்டுக் கடை வாசலில் வந்து நின்ற அந்தச் சாயங்காலம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, மூக்கு நுனியில் கண்ணாடி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கடைக்குள் நுழையாமல் அஞ்சடியிலேயே நின்றார். கடைகளுக்கு முன்னால் தூண் வரிசையோடு ஓடும் நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம்.

உள்ளே அப்பா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் நுரையோடு இருந்த அந்த மனிதர், கண்ணாடியில் டீச்சரைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார். பெஞ்சில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் அவசரமாக வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முடிவெட்டுக் கடை வாசலில் ஒரு பெண், அதுவும் பள்ளிக்கூட டீச்சர் வந்து நிற்பதை எங்கள் சந்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து கம்பி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்தால் புகார் சொல்லத்தான் வருவார் என்பது எங்கள் காலத்துச் சட்டம்.

"உங்கட கதிரையைக் கேக்க வந்தனான்," என்றார் டீச்சர்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்காலியைக் கதிரை என்றுதான் சொல்வார். அப்பாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் சவரக் கத்தியைக் கீழே வைத்தார்.

அந்த நாற்காலியைக் கேட்க டீச்சரே வரவேண்டிய நிலை ஏன் வந்தது என்று சொல்வதற்கு, நான் கொஞ்சம் சுற்றி வளைத்து வரவேண்டும். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் சுற்றுவழி பழக்கமாகியிருக்கும்.

மிளகாய் வாசமும் மழைச் சத்தமும்

எங்கள் பள்ளிக்கூடம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு மண் திடல். மெர்டேக்கா, மெர்டேக்கா என்று ஊரெல்லாம் விடுதலைப் பேச்சாக இருந்த காலம் அது. எங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், வாசலில் கடலை வகை விற்கும் கச்சான் பூத்தேக்காரர் இன்றைக்கு அவித்த கடலை கொண்டுவந்திருக்கிறாரா என்பதுதான்.

மழை பெய்தால் பாடம் நின்றுவிடும். தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்காது. டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாங்கள் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுவோம். சரி என்றால் தலையாட்டுவார். தவறு என்றால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு அடியே வாங்கிவிடலாம்.

பக்கத்துச் சந்தில் ஒரு மாவு மில் இருந்தது. அங்கே மிளகாய் அரைக்கிற நாளில் வகுப்பு மொத்தமும் தும்மும். டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிள்ளையள், தும்மிப்போட்டு வாசியுங்கோ," என்பார். நாங்கள் தும்மித் தும்மி வாசித்தோம். இன்றைக்கும் மிளகாய் நெடி வந்தால் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு நினைவுக்கு வந்துவிடுகிறது.

சென்ற வாரம் குழாயடியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பழைய சிநேகிதி ஒருத்தி போன் செய்து, "குழாயடி முழுக்க வருது, என் பேரு மட்டும் வரலையே!" என்று சண்டை பிடித்தாள். இந்த வாரமும் போடவில்லை. அவள் கோபத்தோடு பேசினால் கேட்க நன்றாக இருக்கும்.

யாரும் உட்காரக்கூடாத நாற்காலி

அப்பா கடையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. ஆனால் அந்த மாதிரி நாற்காலி தேக்கா வட்டாரத்தில் வேறு எங்கும் கிடையாது. நகரத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் சலூன் வைத்திருந்தார். அப்பா அங்கே பல வருஷம் வேலை பார்த்தார். அந்த வெள்ளைக்காரர் கடையை மூடிவிட்டுக் கப்பலேறியபோது, "இதை நீ வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டுப் போனாராம்.

இரும்பு உடம்பு. வெள்ளைப் பீங்கான் பதித்த கைகள். மெரூன் நிறத் தோல் மெத்தை. பக்கவாட்டில் ஒரு நீளக் கைப்பிடி. அதை மெல்ல அமுக்க அமுக்க நாற்காலி 'உஸ்... உஸ்...' என்று மூச்சுவிட்டபடி மேலே ஏறும். இழுத்துவிட்டால் ஒரே மூச்சில் இறங்கும். சின்னப் பையன்கள் வந்தால் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் உட்காரவைத்து ஏற்றுவார்.

நாற்காலி மேலே ஏறி நின்றதும் அப்பாவின் உள்ளங்கை பிடரியில் வந்து பதியும். "குனி." அவ்வளவுதான். பிடரி முடிந்ததும், "தூக்கு." பெரியவர்கள் என்றால் "குனிங்க", "தூக்குங்க". கடையில் ஊர் வம்பு, தேர்தல், குதிரைப் பந்தயம் எல்லாம் ஓடும். அப்பா பேசுவது இந்த இரண்டு வார்த்தை மட்டும்தான்.

இப்போது நாங்கள் இருக்கும் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலேயே ஒரு முடிவெட்டுக் கடை. என் வீட்டுக்காரருக்குத் துணையாகப் போய் உட்காருவேன். பட்டனைத் தட்டினால் நாற்காலி தானாக ஏறுகிறது. வெட்டுகிற பிள்ளை காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டியபடி வெட்டுகிறது. "குனி" என்று சொல்லக்கூட ஆளில்லை, அதுவே தலையைப் பிடித்துத் திருப்பிவிடுகிறது.

அந்த இரும்பு நாற்காலியில் எங்கள் வீட்டில் யாரும் உட்காரக்கூடாது. அப்பாவே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடை காலியாக இருந்தாலும் முக்காலியில்தான் உட்காருவார். "நம்ம உக்காந்தா அது வீட்டு நாற்காலி ஆயிடும். அது வர்றவங்க உக்கார்ற எடம்," என்பார். ஒருநாள் நான் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்றாள். எடுத்துவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே

அப்பா எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வரமாட்டார். நான் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனால் எடுத்துவருவார். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று, போகிற பிள்ளை யாரையாவது கூப்பிட்டு, "கமலாகிட்ட குடுத்திடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

காரணத்தை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னைச் சேர்த்த புதிதில் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வந்தவர்களையெல்லாம் "வாங்க, உக்காருங்க" என்று உபசரித்தவர்கள், அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. காலி நாற்காலிகள் இருந்தனவாம். கூட்டம் முடியும்வரை நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

கப்பலேறும்போதே சாதியைக் கடலில் போட்டுவிட்டோம் என்று நம் ஆட்கள் மேடையில் பேசுவார்கள். கொஞ்சம் மிதந்து கூடவே வந்துவிட்டது போலிருக்கிறது.

ஊர்த் தலையெல்லாம் அப்பாவின் கைக்குள்தான் இருந்தது. எல்லாரையும் உட்காரவைத்தே பிழைத்த மனிதரை உட்காரச் சொல்ல அங்கே ஆள் இல்லை. எனக்கு அதை நினைத்தால் அந்த வயதிலேயே கோபம் வரும்.

மன்னரைக் காணோம்

அந்த வருஷம் பொங்கல் கழிந்த சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கலைநிகழ்ச்சி என்று முடிவானது. டீச்சர் தானே ஒரு நாடகம் எழுதினார். ஒரு மன்னர் கொலுமண்டபத்தில் அமர்ந்து குடிமக்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எனக்கு வாயிற்காவலன் வேஷம். தொண்டை பெரிது என்பதால் கிடைத்தது. மன்னர் வரும்போது 'பராக், பராக்' என்று கத்தவேண்டும்.

மன்னர் வேஷம் தனபாலுக்கு. தனபால் பள்ளிக்கூடச் செயலாளரின் மகன். செயலாளர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்காக அலைந்து திரிந்து நிறையச் செய்தவர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மகன் மன்னராக வேண்டும் என்று அவர் சொன்னபோது, மகனின் உயரத்தை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பிலேயே குள்ளம் தனபால்தான்.

செயலாளர் தன் கடையிலிருந்து ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒத்திகையில் தனபால் அதில் உட்கார்ந்தான். மந்திரிகள் சுற்றி நின்றார்கள். டீச்சர் திடலில் போய் நின்று பார்த்தார்.

"இராசா எங்க?" என்றார்.

"இங்கதான் டீச்சர் இருக்கேன் லா!" என்று மந்திரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

மந்திரிகளை உட்காரவைத்துப் பார்த்தோம், மன்னர் கால் தரையில் படாமல் ஊசலாடியது. நாற்காலிக்குக் கீழே பெட்டியை வைத்துப் பார்த்தோம், ஆடியது. தனபால் அழும் நிலைக்கு வந்துவிட்டான்.

எனக்கு வாயை அடக்கி வைக்கத் தெரியாது. "டீச்சர், எங்க அப்பா கடையில ஏறி எறங்குற நாற்காலி இருக்கு," என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் "ஆமா டீச்சர்! ஆமா டீச்சர்!" என்று குதித்தார்கள். பையன்களுக்கெல்லாம் அந்த நாற்காலி நன்றாகத் தெரியும். டீச்சர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் உள்ளே வந்தார்.

"சவரக் கடை நாற்காலியா?" என்றார். "மேடையில சாமி படம் வச்சு விளக்கு ஏத்துறோம் டீச்சர். அதுக்குப் பக்கத்துலயா?"

சனிக்கிழமை தவறாமல் அதே நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு, மோவாயை அப்பாவிடம் ஒப்படைக்கிற மனிதர்தான் இப்படிச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

டீச்சர் செயலாளரைக் கூட்டிக்கொண்டுபோய்த் திடலில், முன்வரிசை வரப்போகிற இடத்தில் நிற்கவைத்தார். மறுபடி தனபாலை மர நாற்காலியில் உட்காரவைத்து, மந்திரிகளை நிறுத்தினார்.

"வடிவாப் பாருங்கோ சேர். உங்கட மகன் தெரியிறானோ?"

செயலாளர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். தேயிலைப் பெட்டியின் வெள்ளித்தாளில் செய்த கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

"சரி, சரி," என்றார் கடைசியில். "ஆனா துணி போட்டு நல்லா மூடிடுங்க. என்ன நாற்காலின்னு தெரியக்கூடாது."

அப்பாவின் நிபந்தனை

முடிவெட்டுக் கடைக்கு வராத செய்தி உண்டா? நான் வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் வந்துவிட்டிருந்தது. சாமி படம், சவரக் கடை, துணி போட்டு மூடுவது வரைக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா, "நாற்காலி வராது கமலா. போய்ப் படி," என்று சொல்லிவிட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பி, "எல்லாத்துக்கும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கணுமா நீ?" என்று ஒரு பாட்டம் திட்டினாள். மறுநாள் டீச்சரிடம் போய், வராதாம் டீச்சர் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன்.

அன்று சாயங்காலம்தான் டீச்சர் குடையோடு எங்கள் அஞ்சடியில் வந்து நின்றது.

"உங்கட கதிரையைக் கேக்க வந்தனான்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "டீச்சர், நீங்க வந்து கேக்குறீங்க. இல்லேன்னு சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா மூடி வைக்கிற பொருள் இல்லீங்க அது. தெனம் தொடச்சு வைக்கிறேன்."

"நான் மூடச் சொல்லேல்லையே," என்றார் டீச்சர். "என்ர நாடகத்தில எது மேடையில ஏறவேணும் எண்டு நான்தான் சொல்லுவன்."

அப்பா கைத்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே நுரை காய்ந்துகொண்டிருந்த மனிதர் மூச்சுக்கூட விடவில்லை.

"நாற்காலி நாற்காலியாவே வரும்," என்றார் அப்பா. "துணி போடக்கூடாது."

"ஓம். போடமாட்டன். நீங்களும் வரவேணும் அண்ணை."

"சனிக்கிழமைங்க. கடையில ஆள் இருக்கும்," என்று அப்பா கத்தியை எடுக்கப் போய்விட்டார். நாற்காலியே மேடைக்குப் போய்விட்ட பிறகு கடையில் எதில் வைத்து வெட்டுவாராம்? டீச்சர் அதைக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

தள்ளுவண்டி

சனிக்கிழமை மதியம் ஆ செங் தன் தள்ளுவண்டியோடு வந்தார். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தள்ளுகிற சீனர். அப்பாவும் அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நாற்காலியைத் தூக்கி ஏற்றினார்கள். அப்பா சாக்கைச் சுருட்டி நான்கு பக்கமும் முட்டுக்கொடுத்தார். "பெலான், பெலான்," என்று ஆ செங்கிடம் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்ல, மெல்ல. ஆ செங் சிரித்துக்கொண்டு, கண்ணாடிச் சாமான் கொண்டுபோகிற மாதிரி தள்ளினார்.

பலகையை என் கையில் கொடுத்தார் அப்பா. கைப்பிடியை எப்படி அமுக்கவேண்டும் என்று முந்தின நாளே பழக்கியிருந்தார். "ஒரேயடியா அமுக்காத. மூச்சு விட்டு விட்டு அமுக்கு. நாற்காலி மேல நீ ஏறிக் குந்திக்கிட்டுப் போகாத, என்ன?"

"இல்லப்பா. அப்பா, நீங்க வர்றீங்களா?"

"முக்காலி போட்டு வெட்டுவேன். போயிட்டு வா."

சிராங்கூன் சாலையில் அந்த நாற்காலி போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பூக்கடைக்காரர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர், "என்ன பாப்பா, கடை நடந்து போகுது?" என்றார். பால்காரர் ஒருவர் மாட்டை ஓரமாகப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். வெயிலில் பீங்கான் கைகள் பளபளத்தன. நான் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். தோல் மெத்தை காலியாக, என் கண் மட்டத்தில் குலுங்கிக்கொண்டே வந்தது. ஏறவில்லை. ஆசை இருந்தது.

பராக், பராக்

சாயங்காலம் திடல் நிறைந்துவிட்டது. பலகைச் சுவரை ஒரு பக்கம் கழற்றி வகுப்பறையையே மேடையாக்கியிருந்தார்கள். அம்மா பெண்கள் பக்கம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செயலாளர் முன்வரிசையில், ஜிப்பாவும் அங்கவஸ்திரமுமாக. அவருக்குப் பக்கத்தில், வருவதாகச் சொல்லி வராமல்போன ஒரு பிரமுகருக்காகப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. திரை இடுக்கு வழியாக நான் அப்பாவைத் தேடினேன். ஆண்கள் பக்கம் முழுக்கத் தேடினேன். இல்லை.

செயலாளர் வரவேற்புரையில், ஏற்றத்தாழ்வு இல்லாத சமுதாயத்தைப் பற்றி நன்றாகப் பேசினார். கைதட்டினார்கள்.

திரை விலகியது. கொலுமண்டபத்தின் நடுவில் அப்பாவின் நாற்காலி, எந்தத் துணியும் இல்லாமல் இருந்தது. டீச்சர் சொன்ன சொல் தவறவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அட, நம்ம சலூன் நாற்காலிடா!" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பும் கேட்டது. நான் காவலனின் ஈட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"ராஜாதி ராஜ ராஜ கம்பீர மாமன்னர் வருகிறார்! பராக்! பராக்!" என்று கத்தினேன். ரேஸ் கோர்ஸ் ரோடு வரை கேட்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

தனபால் கிரீடத்தோடு வந்து, கால்படியில் ஏறிப் பலகைமேல் உட்கார்ந்தான். மத்தளம் முழங்கியது. நான் கைப்பிடியை அமுக்கினேன். உஸ்... உஸ்... மன்னர் மெல்ல மெல்ல உயர்ந்தார். மந்திரிகளின் தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி உயர்ந்தார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். "ஆ!" என்று ஒரு சத்தம் கூட்டத்திலிருந்து எழுந்தது. அந்த இடத்தில் அது நிஜமான சிம்மாசனமாகவே இருந்தது.

இப்போது மன்னர் நிமிர்ந்து "யாரங்கே!" என்று சொல்ல வேண்டும்.

மன்னர் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, மோவாய் நெஞ்சில் படும்படி, பிடரியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் தனபால். அவன்மேல் தப்பில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பலகையில் உட்கார்ந்து, அந்த 'உஸ்' சத்தம் கேட்டு, மேலே ஏறியதும் குனிந்தே பழக்கப்பட்டவன். உடம்பு தன் வேலையைப் பார்த்துவிட்டது. ஒத்திகையில் இந்த நாற்காலி இல்லாததால் எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை.

"டேய், சொல்லுடா," என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்தேன். அசையவில்லை. கிரீடம் மெல்ல வழுக்கி மூக்குக்கு வந்தது. திரைக்குப் பின்னால் டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். செயலாளர் முன்வரிசையில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மத்தளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு முறை முழக்கினார். மன்னர் இன்னும் நன்றாகக் குனிந்தார்.

அப்போது கேட் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. சத்தம் போடாத குரல். கடையில் பேசுகிற அதே குரல்.

"தம்பி, தலையத் தூக்கு."

மன்னர் சட்டென்று தலையைத் தூக்கினார். கிரீடத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, "யாரங்கே!" என்று முழங்கினார்.

ஆனால் நான் மன்னரைப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து கூட்டத்தைத்தான் பார்த்தேன். அந்தக் குரல் கேட்டதும் ஆண்கள் பக்கம் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கியிருந்தார்கள். வரிசை வரிசையாக மோவாய்கள். பூக்கடைக்காரர், மில்காரர், மத்தளக்காரர், பையன்கள், கிழவர்கள். முன்வரிசையில் செயலாளர், சவரத்துக்குக் காட்டுவது போலக் கழுத்தை நீட்டி, மோவாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு கணம் அப்படியே இருந்தார்கள். பிறகு ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். எங்கோ ஒருவர் குபுக்கென்று சிரிக்க, திடலே சிரித்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். செயலாளர் தன் மோவாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

அப்பா கேட்டுக்கு உள்ளே, ஓர் அடி எடுத்துவைத்த இடத்தில், வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிற முகம்.

செயலாளர் எழுந்தார். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்துபோய் அப்பாவின் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்க," என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீங்க நின்னா பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்கும்," என்றார்.

அப்பாவுக்குப் பின்னால் கேட் மட்டும்தான் இருந்தது.

அப்பா உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டு, நாடகம் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தார். அந்த வருஷம் எனக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் மனசு நிறைந்து போயிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து ஆ செங்கின் வண்டியில் நாற்காலியை மறுபடி ஏற்றினார்கள். சாக்கு முட்டுக்கொடுத்து, ஆட்டிப் பார்த்து, ஒரு துணியால் துடைத்தும்விட்டார் அப்பா. நான் பலகையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடக்கத் தயாரானேன்.

"அதை இங்க குடு," என்று பலகையை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். "கத்திக் கத்திக் களைச்சுப் போயிருப்ப. ஏறி உக்காரு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்பா என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி மெத்தைமேல் வைத்தார். தோல் சில்லென்று இருந்தது. படிகாரமும் பவுடரும் கலந்த அப்பாவின் வாசம் அதில் இருந்தது. ஆ செங் வண்டியைத் தள்ளினார்.

சிராங்கூன் சாலையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அஞ்சடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அப்பா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். என்னிடம் யாரும் தலையைத் தூக்கு என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.